ஆணியக்கா வைத்த ஹல்திகுங்கு

புனே நகரத்தில் இரும்பு யாருக்காவது பயப்படும் என்றால் அது எங்கள் ஆணியக்காவுக்குத்தான்.

தாபோடியில் நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் அவர் தரைத்தளம், நான் மூன்றாவது மாடி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய கணவரே மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஆணியக்கா வந்தாச்சா?" என்று விசாரிக்கிற அளவுக்கு இந்தப் பெயர் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். ஆணியக்காவுக்கு வேலை போசரியில், இயந்திரங்களை அனுப்ப மரப்பெட்டி அடிக்கும் ஒரு யூனிட்டில். அங்கே ஒரு தச்சர் சுத்தியலால் அடித்துக் கோணலாக்கிய ஆறங்குல ஆணி ஒன்றை இவர் பேசிக்கொண்டே கையால் நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார். தச்சர் மூன்று நாள் லீவு போட்டுவிட்டார் என்று கேள்வி.

நிமிர்த்த முடிந்தால் வளைக்கவும் முடியும் என்று அன்றைக்கே முடிவு செய்தவர், நேராக ஜிம்மில் சேர்ந்துவிட்டார்.

எங்கள் ஜிம் ஒரு ஹார்டுவேர் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. ஆணியக்காவைப் பொறுத்தவரை இது தெய்வ சங்கல்பம். கீழே அரைக்கிலோ ஆணி வாங்குவார், மேலே ஏறி வளைப்பார். முதலில் பெஞ்ச் பிரஸ். சேலையை வீட்டில் வைத்துவிட்டு, கணவரின் பழைய டிராக் பேன்ட்டோடு பெஞ்சில் மல்லாந்து படுத்து, ஐம்பது கிலோவைச் சப்பாத்திக்கு மாவு தேய்க்கிற முகபாவத்தோடு எட்டு முறை தள்ளுவார். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஆணியின் இரண்டு முனையிலும் பழைய ஜீன்ஸ் துணியைச் சுற்றி, முகவாய்க்குக் கீழே நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பார். முகம் தக்காளியாகும். ஆணி முதலில் கொஞ்சம் யோசிக்கும். பிறகு வழிக்கு வரும். கடைசியில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நசுக்கி, கொண்டை ஊசி மாதிரி ஆக்கித் தரையில் போடுவார்.

டாக்டர் துரத்தியதால் ஜிம்முக்கு வந்தவன் நான். வங்கி குமாஸ்தா. பேனா மூடியைத் திறப்பதுதான் அதுவரை நான் செய்த உடற்பயிற்சி. முதல் நாளே வெறும் கம்பியை மார்பில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். தலைமாட்டில் தலைகீழாக ஒரு முகம் தெரிந்தது.

"இன்னா தம்பி, ராடு உம்மேல தூங்கிக்கினு கீது?"

"எழுப்ப முடியலக்கா."

"ராட வெறுமனே புடிக்காத. ரெண்டு கையாலயும் வளைக்கிற மாதிரி புடி. தள்ளு, நான் கீறேன்ல!"

அந்த "நான் கீறேன்ல"வில் என்ன இருந்ததோ, கம்பி மேலே போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குப் பின்னால் நிற்பது அவர் வேலை, வளைத்த ஆணிகளைப் பொறுக்குவது என் வேலை.

அவரிடம் ஒரு மாபெரும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பெஞ்சுக்கு முன்னால் ஆணியா, பெஞ்சுக்குப் பின்னால் ஆணியா? திங்கட்கிழமை முன்னால் வளைப்பார், வியாழக்கிழமை பின்னால். "முன்னாடி வளைச்சா ஆணி அழகா வருது, பெஞ்சு வீணாப்பூடுது. பின்னாடி வளைச்சா பெஞ்சு ஜோரு, ஆணி ஒரு பக்கம் சாஞ்சுக்குது. இன்னா பண்றது, சொல்லு?" நாட்டில் இதைவிட முக்கியமான பிரச்சினை எதுவும் இல்லை என்பது போலக் கேட்பார். நானும் கையைக் கட்டிக்கொண்டு கவலைப்படுவேன்.

ஆராய்ச்சி முடியவில்லை, ஆணிகள்தான் வீடு முழுக்க நிறைந்தன. அரிசி டப்பாவுக்குள் ஒன்று கிடைத்த அன்று கணவர் உண்ணாவிரத மிரட்டல் விடுத்தார். அப்போதுதான் சங்கராந்தி வந்தது.

இந்த ஊர் வழக்கப்படி சங்கராந்திக்குப் பெண்கள் வீட்டுக்கு வீடு ஹல்திகுங்கு வைப்பார்கள். வருகிறவர்களுக்கு மஞ்சள் குங்குமம், எள்ளுருண்டை, கூடவே சின்னதாக ஒரு பரிசு. ஒரு வீட்டில் டப்பா தருவார்கள், இன்னொரு வீட்டில் வடிகட்டி. ஆணியக்கா ஆணி கொடுத்தார்.

சும்மா கொடுக்கவில்லை. பதினாறு ஆணிகளைப் பொறுக்கியெடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தார். "கடைல எவன் வேணா வாங்கித் தருவான் தம்பி. இது என் கையால செஞ்சது" என்று முந்தின நாளே என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். எனக்கும் அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. அந்தக் கட்டடத்தின் இரண்டு பெரிய முட்டாள்களும் ஒரே ஜிம்மில் இருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கட்டடமே காகூ, அதாவது சித்தி, என்று கூப்பிடும் செக்ரட்டரி வீட்டம்மா பரிசைப் பிரித்துப் பார்த்து, மூக்குத்தி அதிர, "லோகண்ட் கோணி தேத்த கா?" என்றார். நல்ல நாளில் யாராவது இரும்பைக் கொடுப்பார்களா என்று அர்த்தம். சனியை ரிப்பன் கட்டி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரியாம். காகூ வெளியே போய்ச் செருப்பு அலமாரி மேல் ஆணியை வைத்துவிட்டு மாடியேறினார். பின்னாலேயே மற்றவர்களும் வைத்தார்கள். என் மனைவியும்தான். கேட்டதற்கு, "எல்லாரும் வெச்சாங்க, நான் மட்டும் எடுத்துட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

பதினாறு ஆணிகளையும் கணவர் ஒரு பக்கெட்டில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார். ஆணியக்கா ஜிம்முக்கு வருவதை நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தேன்.

"இருவத்தோரு வருசமா இந்த பில்டிங்ல கீறேன் தம்பி. ஒரே நாள்ல வெளியாளாப் பூட்டேன். இனிமே நான் யார் வூட்டுப் படியும் ஏற மாட்டேன். ஆணியும் வாணாம், பெஞ்சும் வாணாம்."

ஆறங்குல ஆணிக்கே கலங்காத முகம் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சொந்தக் கஷ்டமும் ஒன்று சேர்ந்துகொண்டது. அந்த வாரமே நாற்பது கிலோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். ஜிம் முழுக்கக் காதில் பாட்டு வைத்துக்கொண்டு அவரவர் கண்ணாடியில் அவரவர் அழகை ரசித்துக்கொண்டிருந்தார்கள். "பாயி! உட்டாவ்!" என்று, தூக்கிவிடச் சொல்லி நான் கத்தியது கீழே ஹார்டுவேர் கடைக்காரருக்குக் கேட்டு, அவர் ஏறி வந்து தூக்கிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க வீடுவீடாகக் கையெழுத்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான்காவது மாடியில் தொடங்கினேன். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் வெளியே ஒரு கிராதிக் கதவு உண்டு. பில்டர் போட்ட தாழ்ப்பாள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. காற்றடித்தால் கதவுகள் பேய்ப்படம் மாதிரி அடித்துக்கொள்ளும். அன்றைக்கு என்னவோ ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்தேன். தாழ்ப்பாள் வளையத்தில், கச்சிதமாக மாட்டியபடி, வளைந்த ஆறங்குல ஆணி!

எதிர் வீட்டிலும் ஆணி. பக்கத்திலும் ஆணி. மூன்றாவது மாடிக்கு ஓடினேன். என் வீட்டுக் கதவிலேயே ஆணி.

"இது எப்பலேருந்து?" என்றேன் மனைவியிடம்.

"ரெண்டு வாரமா தினமும் அதைத் தொறந்துதானே உள்ள வர்றீங்க? இப்பத்தான் கண்ணு தெரியுதா?"

பக்கெட்டைப் போய்ப் பார்த்தேன். காலி. ஆணியக்கா அதைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனதாக நினைத்திருந்தார்.

நான் உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார். அதனால் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். "அக்கா, நாலாவது மாடில தாழ்ப்பாள் ஒண்ணு மாட்டிக்கிட்டு தொறக்க வரல. உங்க கை வேணும்." படி ஏற மாட்டேன் என்ற சபதம் ஒரு நொடி தடுமாறியது. பிறகு, மாட்டிக்கொண்ட இரும்பு கூப்பிடுகிறது என்றதும், இரண்டிரண்டு படியாகத் தாண்டினார்.

முதல் மாடியிலேயே நின்றுவிட்டார். ஒரு கதவின் ஆணியை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது மார்கழில வளைச்சது. திங்கக்கெழம." அடுத்த கதவு. "இது பெஞ்சுக்கு அப்பறம். அன்னிக்குத்தான் மொத மொதல்ல ஐம்பது போட்டேன்." பெற்ற பிள்ளைகளை அடையாளம் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு கதவாகத் தொட்டுத் தொட்டு ஏறினார். நான் பின்னால் போனேன்.

நான்காவது மாடியில் செக்ரட்டரி வீட்டுக் காகூ சத்தம் கேட்டு வெளியே வந்தார். ஆணியக்கா கையில் அவர் வீட்டு ஆணி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காகூதான் முதலில் அவசரமாக வாயைத் திறந்தார்.

"கராத் குட்டே ஆணல? பாஹேரச் ஆஹே!" வீட்டுக்குள்ளே எங்கே கொண்டு வந்தேன், வெளியேதானே இருக்கிறது! சனி பகவானே வந்து வழக்குப் போட்டாலும் ஜெயிக்கிற வாதம். பதினாறு வீட்டுப் பெண்களும் தனித்தனியாக இதே தீர்ப்புக்கு வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் பக்கெட்டில் கைவிட்டிருக்கிறார்கள்.

ஆணியக்கா ஆணியையே உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "யே அச்சா நஹீ ஹை, காகூ. தேடா ஹை. கல் தூஸ்ரா தேவூங்கி" என்று கோணலான அந்த ஆணியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாளைக்கு நல்லதாக வேறொன்று தருகிறாராம். காகூ அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் மஞ்சள் குங்குமம் வைத்தார். கையெழுத்துத் தாளோடு நான் வாசலிலேயே நின்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹார்டுவேர் கடைக்காரர் அரைக்கிலோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் ஐம்பது கிலோவைச் சிரமமில்லாமல் தள்ளுகிறேன். இது ஆணியக்காவுக்குத் தெரியாது. அவர் எதிரில் நாற்பதுக்கு மேல் போடுவதில்லை. கடைசி முறை தள்ளும்போது வேண்டுமென்றே இரண்டு கையையும் நடுங்க விடுவேன். தலைமாட்டில் தலைகீழாக அந்த முகம் உடனே குனியும்.

"தள்ளு தம்பி, நான் கீறேன்ல!"