மிஷின் போட ஒரு இடம்

முதல் கவுனின் ஒரு தோளைத் தைத்து முடித்து, மறு தோளில் ஊசியை இறக்கியபோதுதான் கீழ் வீட்டிலிருந்து அந்த இடி கேட்டது. டொம், டொம், டொம். சரியாக அவள் காலுக்கு நேர் கீழே. மேசை மேலிருந்த கத்தரிக்கோல் ஒரு துள்ளுத் துள்ளியது.

காஜா சட்டென்று மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"போச்சு. கோவம் வந்துருச்சு அவங்களுக்கு" என்றாள்.

காஜா என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் சட்டைகளுக்குப் பித்தான் துளை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் துளைக்குத் தையல்காரர்கள் வைத்த பெயர் நாளடைவில் அவளுக்கே ஒட்டிக்கொண்டது. கம்பெனியை இழுத்து மூடிய அன்று, ஆளுக்கொரு மிஷினைக் கையில் கொடுத்து, நல்லாயிருங்க என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மிஷின். ஓட ஆரம்பித்தால் லாரி மேடேறுவது போலச் சத்தம் போடும். கம்பெனியில் இருநூறு மிஷின்களுக்கு நடுவே அது பெரிதாகத் தெரிந்ததில்லை. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஆள் பக்கவாட்டில் நிற்கும் அளவுக்கு ஒரு பால்கனி என்றிருந்த வீட்டில் நன்றாகவே தெரிந்தது.

ஆனாலும் கடவுள் கண் திறந்த மாதிரி ஒரு வேலை வந்திருந்தது. பாட்டுப் பள்ளி டீச்சர் ஒருவர், மேடையில் கூட்டமாகப் பாடப்போகும் பிள்ளைகளுக்கு முப்பது நீலக் கவுன் கேட்டிருந்தார். சனிக்கிழமை விழா. "இது மட்டும் நல்லா அமைஞ்சா வருஷா வருஷம் உங்ககிட்டதான்" என்று சொல்லியிருந்தார். அன்று திங்கள்கிழமை.

அதற்கு முந்தின நாள்தான் வீட்டு ஓனர் மாடிப்படியில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "கீழ் வீட்டுக்குப் புதுசா ஒரு புருஷன் பொண்டாட்டி வந்திருக்காங்க. முன்னாடி இருந்தவங்க, நீங்க நாற்காலி இழுக்கிற சத்தம் தாங்காமத்தான் காலி பண்ணாங்க. இவங்களும் போனாங்கன்னா, அடுத்தாப்ல நீங்கதான்."

இடியைக் கேட்டு வந்த கணவர், "நான் இருக்கேன்ல" என்றார். சோபா, கட்டில் விற்கும் கடையில் அவர் விற்பனையாளர். கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் காலை நேரம் முழுவதும் வீட்டிலேயே இருந்து யோசனை சொல்வார். "கடைக்கு வர்றவங்க வீடு சின்னதுன்னு அழுவாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? இடம் தரையில இல்லைங்க, பார்வையில இருக்குன்னு சொல்லுவேன். கட்டிலைத் தூக்கிச் செவுத்தோட நிறுத்துவோம். பெட்ரூம்ல போடு."

கட்டிலை நிமிர்த்தினார்கள். அது பீரோவை அடைத்துக்கொண்டு நின்றது. அவருடைய சட்டைகள் அத்தனையும் பீரோவுக்குள். மிஷினுக்கு அடியில் சத்தம் கேட்காமலிருக்க மெத்தையை விரித்தார்.

காஜா மிஷினை ஓட்டினாள். மிஷின் மெத்தை மேல் படகு மாதிரி ஆடியது. நேராகப் போக வேண்டிய தையல் பாம்பு போலப் போனது. பத்து நிமிஷத்தில் ஊசி உடைந்தது. நிறுத்திப் பார்த்தால், கவுனின் கை அவள் கட்டியிருந்த சேலையின் தலைப்போடு சேர்ந்து அழகாகத் தைக்கப்பட்டிருந்தது.

அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து டொம், டொம், டொம். இந்த முறை படுக்கையறைக்கு நேர் கீழே.

"எழுந்து இந்த ரூமுக்கே வந்து இடிக்கிறாங்கப்பா!" என்றாள் மகள். அவளுக்கு வியாழக்கிழமை கல்லூரித் தேர்வு. செங்குத்தாக நின்ற கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "என்னா கோவம் பாரேன்."

கணவர் நேற்றுப் போட்ட சட்டையோடு கடைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை சமையலறை. கணவர் கடையிலிருந்து ஒரு பலகையும் கீலும் கொண்டுவந்து துணி பரப்பச் சுவரில் மடக்கு மேசை அடித்தார். "இறக்கினா மேசை, ஏத்தினா செவுரு. எப்படி?" நூல்கண்டுகளுக்கு அடுப்புக்கு மேலே வரிசையாக ஆணி அடித்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. மேசையை இறக்கினால் பிரிட்ஜைத் திறக்க முடியாது என்பது பால் வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்தால் நூல்கண்டுகள் வறுபடும் என்பது அடுப்பைப் பற்றவைத்த பிறகு தெரிந்தது. அதனால் சமையல் நின்றது. அதற்குள் மூன்று கவுன்களில் எண்ணெய்க் கறை விழுந்துவிட்டது.

நாலாவது கவுனின் கழுத்தைத் தைக்கும்போது கீழேயிருந்து இடி வந்தது. கூடவே கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

கணவர் தரையில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் வெளுத்தது. "டிரில் மிஷின். நம்ம தரையை ஓட்டை போடுறாங்க போல."

"நீங்க போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன். மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க. கையைக் காலைப் பிடிங்க."

அவர் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "நாலு தடவை பெல் அடிச்சேன். உள்ள டிரில் ஓடுது, ஆள் இருக்காங்க. கதவைத் திறக்கவே மாட்டேங்கிறாங்க. மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்காங்க."

அதன் பிறகு அன்று முழுக்க காஜா மிஷினைத் தொடவில்லை. கையாலேயே தைத்தாள். ஒரு கவுனுக்கே பொழுது போய்விட்டது.

புதன்கிழமை பால்கனி. "வெளியில போட்டா சத்தம் ஊருக்குத்தான் போகும், கீழ போகாது" என்றார் கணவர். மிஷினை இழுத்துப் போகும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே நின்று யோசனை சொன்னார்.

வெட்டி அடுக்கியிருந்த இடது கைகளைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, காஜா நூல் கோக்கத் திரும்பினாள். ஒரே ஒரு காற்று. இருபது இடது கைகள் நீலப் பறவைக் கூட்டம் போலத் தெருவில் இறங்கின.

மாடிப்படியில் ஓடினாள். கீழ் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை போல நடந்தாள். தெருவில் பன்னிரண்டு கைகள் கிடைத்தன. ஒன்றின் மேல் சைக்கிள் ஏறியிருந்தது. இரண்டைப் பக்கத்துச் சலவைக்கடைக்காரர், தன் கடைத் துணி என்று நினைத்துத் தண்ணீரில் போட்டிருந்தார்.

மூச்சு வாங்க மேலே வந்து, மீதித் துணியில் புதுக் கைகள் வெட்டி, மிஷினை ஓட்டினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பால்கனிக்கு அடியிலிருந்து இடி. கைப்பிடிச் சுவரே அதிர்ந்தது.

"நான் எங்க போனாலும் கூடவே வர்றாங்களே! நான் என்ன பாவம் பண்ணேன்?" காஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழன் காலை, கணவர் குனிந்த நிலையிலேயே பாத்ரூமைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றாலே காஜாவுக்குப் பயம்.

"வேண்டாங்க."

"யோசிச்சுப் பாரும்மா. நம்ம பாத்ரூமுக்குக் கீழ அவங்க பாத்ரூம். நாள் பூரா பாத்ரூம்லயா உக்காந்திருப்பாங்க? அங்க தைச்சா யாருக்கும் கேக்காது."

சொல்வதில் நியாயம் இருப்பது போலத் தோன்றியதுதான் அவளுடைய கெட்ட காலம். மிஷின் வாசலில் நுழையவில்லை. கணவர் கதவைக் கழற்றினார். கழற்றும்போது கீல் உடைந்தது, இனி மாட்ட முடியாது. பலகை போட்டு, ஹாலிலிருந்து ஒயர் இழுத்து, நூல்கண்டுகளைக் குழாயில் கோத்து, காஜா வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

மகள் துண்டோடு வந்து நின்றாள். கதவில்லாத வாசலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பரீட்சைக்குப் போகணும். எங்க குளிக்கிறது?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "பிரெண்டு வீட்டுக்குப் போறேன். இந்த வீட்டுல மனுஷங்களுக்கு இடம் வந்ததும் சொல்லி விடுங்க."

காஜாவுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு தைத்தாள். எட்டாவது கவுன் பாதியில் நிற்கும்போது, வாளிக்கு நேர் கீழே டொம், டொம், டொம்.

கணவரிடமும் யோசனை தீர்ந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் டீச்சருக்குப் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் டீச்சர் வந்துவிட்டார். முடிந்த ஏழு கவுன்களையும் மிச்சத் துணியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது காஜாவுக்கு.

"தையல் நல்லாத்தான் இருக்கு. நீங்க செய்வீங்கன்னு நம்பி வேற யார்கிட்டயும் சொல்லி வைக்கலை. இனிமே எங்க போய் ஆளைப் பிடிப்பேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

காஜா மிஷினைப் பழைய போர்வையால் மூடி, கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்டாள். பதினாலு வருஷத்தில் கம்பெனியில் ஒரு நாள்கூட அவள் வேலை பாக்கி விழுந்ததில்லை.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் முன்பின் பார்த்திராத ஒரு இளம்பெண் நின்றாள். தலைமுடி முழுக்க மரத்தூள். பெருவிரலில் பெரிய கட்டு. கண்களில் தூக்கமே இல்லை.

"கீழ் வீடுங்க" என்றாள்.

காஜா இரு கைகளையும் கூப்பிவிட்டாள். "அம்மா, தாயே, மன்னிச்சிரும்மா. நாலு நாளா உங்களை ரொம்பப் படுத்திட்டேன். ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இனிமே மிஷின் சத்தமே வராது. வேலையைத் திருப்பிக் கொடுத்துட்டேன். மிஷினையும் கட்டி வச்சாச்சு. அங்க பாருங்க."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"ஐயையோ, ஏன்க்கா? நானும் தையல் ஆரம்பிக்கணும்னதும், மேல் வீட்டக்கா பதினாலு வருஷ அனுபவம், அவங்களைப் பாத்துக் கத்துக்கோன்னு ஓனர்தான் சொன்னாரு. ரெண்டு வீடும் ஒரே அமைப்புதானேன்னு, உங்க மிஷின் ஓடுற இடத்துக்கு நேர் கீழயே நானும் மிஷினைப் போட்டு அலமாரி அடிச்சு அடிச்சுப் புடுங்கி, நேத்து பாத்ரூம் கதவையும் கழட்டிட்டோம். இப்பவாவது சொல்லுங்கக்கா, முடிவா எங்கதான் போடணும்?"