ராணியைச் சாகவிடாதவர்

உலகத்தில் முடிவுத்திருத்தி என்று ஓர் இனம் உண்டு. சோக நாடகம் பார்த்துவிட்டு நீங்களும் நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு போய்ச் சேருவோம். அவர் அப்படிப் போகமாட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதே, "ஒரு சின்ன மாற்றம்தாங்க..." என்று ஆரம்பித்துவிடுவார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கதாநாயகனைப் பிழைக்க வைப்பார், வீட்டில் மனைவி தட்டை வைப்பதற்குள் கதாநாயகிக்குக் கல்யாணமே முடித்துவிடுவார், கை கழுவும்போது பார்த்தால் வில்லன் திருந்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். எழுதியவர் போய்ச் சேர்ந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டனவே, அவரை யார் கேட்பது? யாரும் கேட்க வேண்டாம். இவரே பார்த்துக்கொள்வார்.

பொல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இளகிய மனசு. அதுதான் தொல்லை.

எங்கள் தபால் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். கடிதம் பிரிக்கும் பகுதியில் இருபத்தாறு வருடம். 'அண்ணன்' என்றால் அவர்தான். ஆண்டு விழாவுக்கு ஊழியர்கள் சேர்ந்து பழைய சோக நாடகம் ஒன்றை எடுத்தோம். போரில் அரசன் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி வருகிறது. ராணி நஞ்சு குடிக்கிறாள். குடித்த பிறகு, அரசன் நலமாக இருப்பதாகக் கடிதத்தோடு தூதன் வருகிறான். அவ்வளவுதான் கதை. படித்து முடித்த அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"இது சோகமே இல்லீங்க, டெலிவரி கோளாறு! கடுதாசி லேட்டானதுக்கு ஒரு பொம்பளை சாகணுமா? அதை தபால் ஆபீஸ்காரங்களே மேடை போட்டு வேற காட்டணுமா?"

அன்றிலிருந்து தினம் ஒரு முடிவு. வீணாய்ப்போன படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார். ஒன்றில் தூதனுக்கு வேகமான குதிரை. ஒன்றில் தோழி கிண்ணத்தைத் தட்டிவிடுகிறாள். இன்னொன்றில் நஞ்சு விற்றவன் கலப்படக்காரன், ராணிக்கு வெறும் வயிற்றுவலியோடு போகிறது. மொத்தம் பதினேழு முடிவுகள். பதினேழிலும் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நாடகத்தை இயக்கிய போஸ்ட் மாஸ்டர், இவர் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல், இவருக்கே தூதன் வேடத்தைக் கொடுத்துவிட்டார். ஒரே வசனம்: "தாமதித்துவிட்டேனே, தாயே!" இரண்டு மாதமாக அதைக் குளியலறையில்கூடச் சொல்லிப் பார்த்தார்.

ராணி வேடம் பார்சல் கவுன்டர் அக்காவுக்கு. பதினோரு வருடமாகத் தோழி, பக்கத்து வீட்டுக்காரி, கூட்டத்தில் ஒருத்தி என்று ஓரமாகவே நின்றவர். "முத்திரை குத்துற கைக்கு மகுடம் கேக்குதா?" என்று கேலி செய்யும் அவருடைய வீட்டுக்காரர் இதுவரை ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை. இந்தத் தடவை வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசி ஒத்திகை முடிந்ததும் அக்கா அண்ணனைத் தனியே பிடித்தார். நான் வசனம் எடுத்துக்கொடுப்பவன், பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல சாவு. தயவுசெஞ்சு கெடுத்துடாதீங்க."

"நான் என்னம்மா பண்ணப்போறேன்?" என்றார் அண்ணன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

விழா மாலையில் மூன்றாம் வரிசையில் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கிண்ணத்தை எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். என் பக்கத்தில் நின்ற அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர். "ஐயோ பாவம்" என்று முனகினார். ராணி குடித்து முடித்ததும் அடிக்கும் மணிக்குப் பிறகு போகவேண்டியவர், நான் சட்டையைப் பிடிப்பதற்குள் மேடைக்குப் பாய்ந்துவிட்டார். கிண்ணத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

'நிறுத்துங்கள்' என்று சொல்லத்தான் ஓடினாராம். ஆனால் இரண்டு மாதம் உருப்போட்ட வாய் சும்மா இருக்குமா?

"தாமதித்துவிட்டேனே, தாயே!"

அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் பதறிப்போய், "இல்ல இல்ல, சரியான நேரம்தான்! அரசர் உயிரோட இருக்கார், குடிச்சிடாதீங்க!" என்று கடிதத்தை நீட்டினார். வீட்டுக்காரரின் உதட்டோரம் அந்தப் பழைய கேலி எட்டிப் பார்த்தது. நான் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். எடுத்துக்கொடுக்கப் புத்தகத்தில் வரி இல்லை.

அக்கா கடிதத்தை வாங்கி, கவுன்டரில் முகவரி சரிபார்ப்பதுபோல நிதானமாகப் படித்தார்.

"தாமதித்துத்தான் விட்டீர்கள், தூதரே. இது இரண்டாவது கிண்ணம்."

சொல்லிவிட்டுக் குடித்தார். கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மெல்லச் சரிந்தார். மூன்றாம் வரிசையில் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. ஒன்று கைக்குட்டையைத் தேடியது. அண்ணன் மேடையிலேயே உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

திரை விழுந்ததும் அண்ணன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்ட மூச்சிலேயே, "ஆனா ஒரு சின்ன மாற்றம்மா. அந்த முதல் கிண்ணம் கலப்படம்னு வச்சுக்கிட்டா..." என்றார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வெளியே அனுப்பினோம்.

வெளியே வண்டியருகே வீட்டுக்காரர் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. மகுடத்தைக்கூடக் கழற்றாமல் அக்கா எதிரே போய் நின்றார். வீட்டுக்காரர் சாவியை எடுத்தார்.

"நேரமாச்சு. போலாமா?"

அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது.

என்ன, முகத்தைச் சுளிக்கிறீர்கள்? "நல்லா நடிச்சியேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஒரே ஒரு வரிதானே" என்கிறீர்களா? வாருங்கள், வாருங்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.