ரன்வே மண்டோர்

மலாயாவில், கோல சிலாங்கூர் தோட்டங்களில் ஆகாயத்தையும் சேர்த்து மேய்த்த ஒரே மண்டோர் என் மாமனார்தான். சம்பளம் என்னவோ தென்னந்தோட்டத்து ஆட்களை மேய்ப்பதற்கு. ஆனால் அதற்கு முன் பட்டாளத்தில், விமானங்களுக்குக் கொடி காட்டியவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்து விமானங்கள் போய்விட்டன. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிடந்த ஓடுபாதையில் எல்லாரும் கொப்பரை காயவைத்தார்கள். மாமனார் மட்டும் வேலையை விடவில்லை.

அவர் பச்சைக்கொடி காட்டாமல் ஓடுபாதையை யாரும் கடக்கக்கூடாது. ஆடுகளுக்கும் அதே சட்டம்; ஆடுகள்தான் ஒழுங்காக மதித்தன. கல்யாணமாகி ஜெராமிலிருந்து வந்து இறங்கிய என்னை, நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லாரும் கெஞ்சியும், காற்று சரியில்லை என்று வெயிலில் நிறுத்திவிட்டார். இந்த வீட்டிலா வாழப்போகிறோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, தலைக்கு மேலே தினமும் விமானம். மாமனாருக்கு ஒரே கொண்டாட்டம். ஒவ்வொன்றுக்கும் கொடி அசைத்தார். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சைகை காட்டுகிறார் என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை கொடியைத் தூக்கினால் உள்ளே போட்டுவிடுவோம் என்று போலீஸ் எச்சரித்தது. விசாரணையே இல்லாமல் உள்ளே போட்ட காலம் அது. என் மாமியாரான அத்தை கொடிகளைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டினார்.

ஒரு மத்தியானம் சின்ன விமானம் ஒன்று இருமிக்கொண்டே வட்டமடித்தது. ஓடுபாதை முழுக்க ஆடும் கொப்பரையும். மாமனார் கையைப் பிசைந்துகொண்டு அத்தையைப் பார்த்தார். அத்தை பெட்டியைத் திறந்தார்.

"மேல இருக்கறதும் ஒருத்தி பெத்த புள்ளதானே. போங்க."

மாமனார் ஆடுகளை விரட்டிக் கொடி அசைத்தார். விமானம் அவர் காட்டிய இடத்தில் பாதியும் கொப்பரையில் மீதியுமாக ஓடி நின்றது. இறங்கிய வெள்ளைக்காரப் பையனை, கோணலாக நிறுத்தியதற்காக அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

அத்தையும் நானும் பின்னாலேயே லோரி பிடித்துப் போனோம். கொடி காட்டச் சொன்னது யார் என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். அத்தை முன்னால் போய் நின்றார்.

"நாந்தான் சொன்னேங்கய்யா. உள்ள போடுறதுன்னா என்னையும் சேத்துப் போடுங்க. நான் போடாட்டி இவருக்குச் சோறு எறங்காது."

அந்தப் பையனே வந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் அத்தை அவரைத் திட்டித் தீர்த்தார். யார் பேச்சையும் கேட்காத அந்த மனிதர், மருமகள் பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல் அத்தையின் கையைப் பிடித்தபடியே வந்தார். நல்ல வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.