முதுகோடு முதுகாக

வீட்டு ஏல அறிவிப்பைக் கத்தரித்து ஒட்டிய பிறகுதான், அதன் முதுகில் இன்னொரு அறிவிப்பு இருந்தது குமாஸ்தாவுக்கு நினைவு வந்தது.

சட்ட அறிவிப்புகள் வெளியானதற்குச் சான்று தயாரிப்பது பத்திரிகை அலுவலகத்தில் அவருடைய பணி. அறிவிப்பை நறுக்கிப் பிரமாணப் பத்திரத்தில் ஒட்டி, கையெழுத்திட்டுத் தர வேண்டும். அன்றைய இதழில் எஞ்சியிருந்ததோ ஒரே பிரதி. பின்பக்க அறிவிப்பு, நெடுங்காலமாகக் காணாமற்போன தம்பியைப் பற்றி அண்ணன் கொடுத்தது. ஆஜராகாவிட்டால் தம்பி இறந்தவராகக் கருதப்படுவார்.

ஒட்டியதை ஈரத்துணியால் பெயர்த்தார். மை கலங்கி இரண்டும் ஒன்றாயின. ஆஜராகத் தவறினால் வீடு இறந்ததாகக் கருதப்படும் என்று படிக்க நேர்ந்தது.

மேலாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏலத்துக்கு இன்னும் நாள் இருக்கு. தம்பி அறிவிப்போட சான்று நாளைக்குக் காலைல கோர்ட்ல இருக்கணும். இல்லேன்னா நீங்க இங்க இருக்க வேண்டாம்."

"தாங்கள் அனுமதிச்சா, வெளியில ஒரு பிரதி தேடிப் பார்க்கறேன், சார்."

பழைய பேப்பர் கடைக்காரர் சிரித்தார். "உங்க பேப்பரா? வாங்கினாத்தானே சார் எடைக்குப் போடுவாங்க?"

எனினும் அடுக்கின் அடியில் அதே தேதி இதழ் ஒன்று தெரிந்தது. குமாஸ்தா பணிவுடன் இழுத்தார். அடுக்கு முழுவதும் சரிந்தது. பிரதி, அறிவிப்போடு சேர்ந்து இரண்டாகக் கிழிந்தது. சரிந்ததை அடுக்கி முடிக்க மாலையாயிற்று.

தாம் தங்கும் வாடகை அறைக்குத் திரும்பினார். வரவேற்க எவரும் இல்லை. எதிர் அறை வாசலில் தினமும் தம் பத்திரிகை கிடப்பது அப்போதுதான் நினைவு வந்தது. அந்த அறைக்காரரும் தனி ஆள். இத்தனை ஆண்டுகளில் இருவரும் பேசிக்கொண்டது, "தண்ணி வருதா?" "வருது" என்பது மட்டுமே.

கதவைத் தட்டினார்.

"தண்ணி வருதே," என்றார் எதிர் அறைக்காரர்.

"மன்னிக்கணும், வேற விஷயம்." குமாஸ்தா விவரம் சொன்னார். "யாரும் படிக்காத பக்கம்தான். ஆனா கோர்ட்டுக்கு வேணும்."

அவர் உள்ளே சென்று அந்த இதழைக் கொண்டு வந்தார். அது அந்தப் பக்கத்திலேயே மடிக்கப்பட்டிருந்தது. கூடவே கத்தரிக்கோலும் நீட்டினார்.

"இந்த ஆள் வரலேன்னா?"

"செத்ததா எழுதிடுவாங்க. பாவம், பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியலை போல."

"தெரியலைதான். வெட்டிக்கங்க. கத்தரிக்கோல் குடுத்தது காணாமப்போன ஆளேதான்னு அதுல ஒரு வரி சேத்துடுங்க."