தட்டி டாக்டரும் பன்னிரண்டாம் பக்கமும்

பெங்களூரு முழுக்கச் சலித்தாலும் தட்டி டாக்டரைப் போல ஒத்துப்போகத் தெரியாத இன்னொருவர் கிடைக்கமாட்டார். வெயில் கொளுத்துகிறது என்று நாம் சொன்னால், ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு அப்படித் தோணல" என்பார். நோயாளிகளிடமும் இப்படியே பேசி மூன்று ஆஸ்பத்திரி வேலைகளைத் தொலைத்தவர். கடைசியாக வந்து ஒதுங்கியது அடுகோடி ஏரியாவில் இருக்கும் எங்கள் ஆபீஸில். இதுவும் போனால் தன்னை வைத்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று அவரே சொல்வார், அதுவும் பெருமையாக.

எங்கள் வேலையைச் சொன்னால் என் மாமியார் இன்னும் சிரிக்கிறார். ஒரு மருந்தைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி, மருந்து கேட்கிறதா இல்லையா என்று சில நிபுணர்கள் தீர்ப்பு எழுதுவார்கள். அதற்கு ரிவ்யூ என்று பேர். அந்த ரிவ்யூவை நம்பலாமா என்று பார்க்க வேறு சில நிபுணர்கள் ஒரு கேள்விப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலை நம்பலாமா என்று பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஒரே ரிவ்யூவை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசிக்கொள்ளவும் கூடாது. ஆம், இல்லை, தெரியவில்லை என்று தனித்தனியே பதில் போட வேண்டும். இருவர் பதிலும் ஒன்றுபோலச் சேர்ந்தால் பட்டியல் உருப்படியானது.

எனக்கு வாய்த்த ஜோடி டாக்டர். வந்த அன்றே ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து எங்கள் மேஜைகளுக்கு நடுவே ஒரு தட்டி கட்டினார். பேரும் அப்படி வந்ததுதான். நான் தும்மினால்கூட, "எந்தக் கேள்வியில தும்முன? வேணாம், சொல்லாத" என்று காதைப் பொத்திக்கொள்வார்.

டீக்கடையிலும் விடமாட்டார். குடித்து முடித்ததும் நாங்கள் முதுகோடு முதுகாக நின்று, டீக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று விரலால் காட்ட வேண்டும். கடைக்கார முனிராஜுதான் நடுவர்.

"டாக்டர் ரெண்டு, நீங்க ஏழு. இன்னிக்கும் சேரல சார்," என்பார் முனிராஜு. "பாலும் ஒண்ணு, தூளும் ஒண்ணு. அப்புறம் எப்படி சார் ரெண்டு விதமா வரும்?"

டாக்டர் ஐந்தைத் தாண்டியதே இல்லை. அவருக்கு ஒரு கை போதும்.

மற்ற ஜோடிகள் அதே கடையில் நாலடி தள்ளி நின்று, "நாலாவது கேள்விக்கு நீ என்ன போட்ட?" "ஆம்." "சரி, நானும் ஆம்" என்று சமோசா தின்றபடியே வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் மட்டும், "ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா உண்மையாயிடுமா? ரெண்டு பேரும் சேர்ந்து தப்பா சொல்லலாமே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டீயைக் குறை சொல்லப் போய்விடுவார்.

ஒருமுறை எல்லா ஜோடிகளுக்கும் ஒரே ரிவ்யூ வந்தது. ஆராய்ச்சிகளை எங்கெங்கே தேடினார்கள் என்று சொல்லும் பன்னிரண்டாம் பக்கம், பிரதி எடுக்கும்போது விட்டுப்போயிருந்தது. 'ஒழுங்காகத் தேடினார்களா?' என்ற கேள்விக்கு நான் 'இல்லை' போட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கம் டாக்டர் 'தெரியவில்லை' போட்டிருக்கிறார். மற்ற அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், 'ஆம்'.

பட்டியலைச் செய்த கிளையண்ட்டுக்கு அது பிரமாதம் என்று கேட்கத்தான் ஆசை. மேனேஜர் எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டார்.

"எல்லா ஜோடியும் சேருது, உங்களுது மட்டும் இடிக்குது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க டாக்டர்."

"அந்தப் பக்கமே இல்லையே சார். எதைப் படிச்சு ஆம் போட்டாங்க?"

"பக்கம் இல்லன்னா என்ன, அதான் எல்லாரும் ஒத்துப்போயிருக்காங்களே."

"விவரம் இல்லன்னா என்ன போடணும்னு பட்டியல்ல தெளிவா இல்ல. அதான் எங்களுக்குச் சேரல. இதைக் கண்டுபிடிக்கத்தானே எங்களை உக்கார வச்சிருக்கீங்க?"

நானும் மாற்ற முடியாது என்றேன். மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாதக் கடைசியில் டாக்டர் சீட்டைக் கிழித்தார்கள். எனக்கு வேறு ஜோடி போட்டார்கள். எங்கள் பதில்களை எடுத்துவிட்டு மீதியை அனுப்ப, பட்டியல் மிகவும் நம்பகமானது என்று முடிவு வந்தது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டியல் சரி என்று சொன்ன ரிவ்யூவை நம்பி யாருக்கோ மருந்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கடைசி நாளில் டாக்டர் தட்டியைக் கழற்றி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஊருக்குப் போக அவருடைய ஆனேக்கல் பஸ் வருவதற்குள் ஒரு டீ. முனிராஜு அன்றைக்குப் பார்த்துப் பாலைத் தீய விட்டிருந்தார், வாயில் வைக்க முடியவில்லை. எப்படியோ குடித்துவிட்டு, வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றோம்.

முனிராஜு இருவர் விரல்களையும் இரண்டு தரம் எண்ணினார்.

"சேர்ந்துடுச்சு சார். ரெண்டு பேரும் பத்து."

திரும்பினேன். பத்து காட்ட இரண்டு கையும் வேண்டுமே. தட்டியைத் தரையில் போட்டுவிட்டு, டாக்டர் பத்து விரலையும் விரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீ திரும்பிப் பாத்தியா?"

"இல்ல டாக்டர்."

"டீ தீஞ்சு போயிருந்துச்சேப்பா."

"ஆமா டாக்டர்."

"அப்ப ரெண்டு பேருமே தப்பு," என்றார். பஸ் வந்து நின்ற பிறகும், அந்த விரல்களை மடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.