முன்சீட்டுக் கதகதப்பு

"என்னங்க, கேக்குதா?"

கேட்கவில்லை. வண்டி ஏரிக்கரைச் சாலையில் திரும்புவதற்குள் ஆடிட்டரின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவர் மனைவி, பல் டாக்டரம்மா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெருமூச்சு விட்டாள். நாளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களோடுதான் அவளுக்குப் பேச்சு. "வலிக்குதா? இல்லைல்ல? நல்லது!" கேள்வியும் அவளே, பதிலும் அவளே. வாயைத் திறந்து பதில் சொல்ல அவளுக்கு இருப்பது இந்த ஒரு மனிதர். அவரோடு பேசக் கிடைப்பது மாலை நேரத்துச் சவாரி ஒன்றுதான். அதற்காகவே கார் ஓட்டப் பழகினாள். அதற்காகவே தன்னைவிட மூத்த இந்த வட்டமூஞ்சிக் காரைத் தரகர் மூலம் வாங்கினாள்.

வண்டி சொக்கத் தங்கம். குறை ஒன்றே ஒன்று. அவர் பக்கத்துக் காற்றுத் துவாரத்திலிருந்து எந்நேரமும் வெதுவெதுவென்று காற்று வரும். ஹீட்டர் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் நிற்காது. அது மேலே பட்டதும் மனிதர் சொக்கிப்போவார். வெளியே ஏரி பொன்னாக மினுங்கும். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக மிதந்து பின்னால் போகும். டாக்டரம்மா அன்றைய கடைவாய்ப் பல்லின் கதையைக் குறட்டையிடம் சொல்லிக்கொண்டு போவாள்.

முதலில் கிளினிக்கிலிருந்து பஞ்சு கொண்டுவந்தாள். பல் பிடுங்கிய குழியை அடைக்கிற லாகவத்தோடு துவாரத்தை அடைத்தாள். காற்று வேறு வழி பார்த்துக்கொண்டு அவர் காலடியில் இறங்கியது. ஆடிட்டர் செருப்பைக் கழற்றினார்.

"வெந்நீர்ல கால் வச்ச மாதிரி இருக்கும்மா," என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார்.

"என்ஜின் சுடுதண்ணி இந்த ட்யூப் வழியா ஹீட்டருக்குப் போகுது டாக்டரம்மா. நடுவுல இருக்கிற வால்வு துருப்பிடிச்சு இறுகிடுச்சு போல. மூட மாட்டேங்குது."

"பிடுங்கிடலாமா?"

"ஐயையோ, எடுத்த எடுப்புலயேவா? தட்டிப் பாக்கலாம்."

தட்டினார். வால்வு அசையவில்லை. பல காலமாக ஓடாமல் கிடந்த ஹீட்டர் விசிறிதான் விழித்துக்கொண்டு, இனி நிற்பேனா என்று ஓடியது. 'ம்ம்ம்' என்று தாலாட்டு வேறு. அன்று மாலை ஆடிட்டர் தலையணையோடு வந்து ஏறினார்.

"தலையணை எதுக்கு?"

"கழுத்து வலிக்குது."

"அப்போ தூங்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஏறுறீங்க!"

பதில் குறட்டையாக வந்தது. டாக்டரம்மாவுக்கு அழுகை முட்டியது. காற்றின் மேல் பழி போட்டு என்ன பயன், இவருக்குத் தன்னோடு பேச ஒன்றுமே இல்லையோ என்று தோன்றிவிட்டது. வண்டியை ஏரியோரம் நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கதகதப்பில் அவளுக்கும் கண் சொருகியது. கனவில் கார் தண்ணீர்மேல் மெதுவாகப் போனது. அவர் பேசிக்கொண்டே வந்தார், மூச்சு விடாமல். என்ன சுகம்!

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். போலீஸ்காரர்.

"ஏங்க, வீட்டுல கட்டில் இல்லையா?"

மானம் போயிற்று. விடிந்ததும் மெக்கானிக்கிடம் போய் நின்றாள். "வால்வு எக்கேடும் கெட்டுப் போகட்டும். ட்யூப் ரெண்டையும் ஹீட்டருக்குப் போகாம ஒண்ணோட ஒண்ணு சேத்துடுங்க!"

சேர்த்தார். விசிறியின் வயரையும் கழற்றிவிட்டார். அன்று மாலை துவாரத்திலிருந்து ஏரிக்காற்று ஜில்லென்று வந்தது. ஆடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன. டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை.

"ஏதாவது பேசுங்களேன்."

"லாரி வருது."

"பாத்துட்டேங்க."

"பாத்தா போதுமா? ஹார்ன் அடி. இப்ப இல்ல... இப்ப! கியர் மாத்து. கிளட்ச்ல ஏன் கால் வச்சிருக்கே? நாய், நாய்!"

"அது படுத்திருக்கு."

"எந்திரிச்சா?"

ஏரி எந்தப் பக்கம் போனதென்றே அவளுக்குத் தெரியவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினாள். "ரெண்டடி முன்னாடியே நிறுத்தியிருக்கணும்," என்று சொல்லி, எவ்வளவு இடைவெளி என்று பார்க்க அவர் இறங்கியே போய்விட்டார்.

கடைப்பையோடு வந்த ஒரு முதியவள் காரைப் பார்த்து நின்றாள். கதவை ஆசையாகத் தடவினாள்.

"இது நான் வச்சிருந்த வண்டிம்மா. நல்லா ஓடுதா?"

"ஓடுதும்மா. ஹீட்டர் வால்வுதான் துருப்பிடிச்சு ஒரே தொல்லை. இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு வழி பண்ணினேன்."

முதியவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் துவாரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, பம்பருக்கும் கேட்டுக்கும் நடுவே சாண் போட்டு அளந்துகொண்டிருந்த ஆடிட்டரைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, அது துரு இல்லம்மா! என் வீட்டுக்காரரும் முன்சீட்டுலதான் உக்காருவாரு, நான்தான் அதை மூடவே முடியாதபடி வெல்டிங் வைக்கச் சொன்னேன்."