ஓரின்பசார் அண்ணன் கழற்றிய கதவு

பிரிட்ஜ் கதவைத் தானே கழற்றுகிறவர் என்று ஒரு வகை மனிதர் இருக்கிறார். நீங்கள் தேடிப் போக வேண்டாம். மாடிப்படியில் பெட்டி ஏறுகிற சத்தம் கேட்டால் அவரே இறங்கி வருவார். கையில் ஸ்க்ரூடிரைவர், காதில் பென்சில், காலில் வீட்டுச் செருப்பு. வாசலை அளக்க மாட்டார். அளந்தால் அவமானம். ஒரு கண்ணைச் சுருக்கி, நிலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போயிடும்" என்பார்.

போகாது. எங்கள் தராஸ் ஊரில், பழைய ஐந்து மாடி வீடுகளின் சமையலறை நிலைக்குள் இந்தக் காலத்துப் பிரிட்ஜ் எதுவும் முழுசாகப் போனதில்லை. இருபது வருஷமாகச் சாமான் தூக்குகிறேன், என் முட்டிக்குத் தெரியும். போகாதென்று ஆனதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், பேரன் பிறந்த மாதிரி. "அப்ப கதவைக் கழட்டிட வேண்டியதுதான்!" பெட்டியோடு வந்த விளக்கத் தாளை விரிப்பாரா? விரிப்பார். தரையில், முட்டி போடுவதற்கு.

போன குளிர்காலத்தில் மூன்றாம் மாடி ஓரின்பசார் அண்ணன் வீட்டுக்குப் புதுப் பிரிட்ஜ் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி குளிர்கால இறைச்சிக்கென்று அறுத்த குதிரையில் பாதி, பால்கனியில் கிடந்தது. உறைபனி இருக்கிற வரைக்கும் பால்கனியை மிஞ்சிய பிரிட்ஜ் உண்டா? ஆனால் அன்று காலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசி, கூரையெல்லாம் சொட்ட ஆரம்பித்துவிட்டது. இறைச்சியும் சொட்டியது. பழைய பிரிட்ஜோ முந்தின நாளே கொழுந்தியாள் வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணன் மனைவி சவுரேஷ் பால்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். வசந்தம் வரைக்குமான சாப்பாடு அது. சாயங்காலத்துக்குள் குளிரில் வைக்காவிட்டால் தெருநாய்களுக்குத்தான்.

"ஏங்க, கடைக்காரன் ஆளை அனுப்புறேன்னானே, கூப்பிடுங்களேன்."

"எட்டு ஸ்க்ரூவுக்கு ஒரு ஆளா? ஊரே சிரிக்கும்!"

எங்கள் பக்கத்தில் இந்த வகை மனிதர் தனியாகக் காரியம் செய்வதில்லை. அசார் கூப்பிடுவார். அக்கம்பக்கம் கூடி வந்து கை கொடுக்க வேண்டும், கூலி கிடையாது, முடிந்ததும் வயிறு நிறைய விருந்து. மற்றவர்கள் சுவர் எழுப்ப, கூரை போட அசார் கூப்பிடுவார்கள். அண்ணன் பிரிட்ஜ் கதவுக்குக் கூப்பிட்டார். நான் உட்பட ஆறு பேர் போனோம், கறி வேகிற வாசனை கீழ் மாடி வரைக்கும் வந்திருந்தது.

கதவை ஒருவர் அணைத்துப் பிடித்த பிறகே மேல் கீலைக் கழற்ற வேண்டும். அண்ணன் முதலில் கீலைக் கழற்றினார், அப்புறம் "பிடிங்கடா!" என்றார். கதவு என் கால் கட்டைவிரல் மேல் வந்து நின்றது. நான் சொன்ன வார்த்தையைச் சவுரேஷ் கேட்காத மாதிரி இருந்தார். அசாரில் சும்மா நிற்பது மரியாதையில்லை என்பதால் ஆளுக்கு ஒன்றிரண்டு ஸ்க்ரூ கழற்றினோம். கழன்றதை ஆளுக்கு ஆள் பத்திரப்படுத்தினோம். பெட்டியைச் சாய்த்து உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, ஆளுக்கு ஆள் முதுகில் தட்டிக்கொண்டோம்.

"ஸ்க்ரூ எங்கடா?" என்றார் அண்ணன்.

ஆறு பேரும் குனிந்து தரையில் தேடினோம்.

"தெமிர்போலாத், கீழ் கீல் நீதானே கழட்டினே?"

எதிர் வீட்டு தெமிர்போலாத் தலையைச் சொறிந்தார். "கிண்ணத்துல போட்டேன் அண்ணே."

"எந்தக் கிண்ணம்?"

"கிண்ணம்னு ஒண்ணு இருந்துச்சுல்ல?"

இல்லை. அண்ணன் அசரவில்லை. "பாதி ஸ்க்ரூ கம்பெனிக்காரன் அழகுக்குப் போடுறது. டேப் ஒட்டிக்கலாம்."

பால்கனியில் சொட்டுச் சத்தம் கூடியிருந்தது. சவுரேஷ் ஆவி பறக்கும் கறித் தட்டோடு வந்தார். ஆறு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தட்டு கீழே இறங்கவில்லை. இன்னொரு கையிலிருந்து ஒரு காலித் தட்டு இறங்கியது.

"முதல்ல எல்லாரும் சட்டைப் பையை உதறுங்க. இதுல ஸ்க்ரூ விழாம அதுல கை வைக்கக் கூடாது. நீங்களும்தான்!" கடைசி வார்த்தை அண்ணனைப் பார்த்து.

டிங், டிங் என்று விழுந்தன. என் பையிலிருந்தும் ஒன்று, அதை விடுங்கள். எண்ணினால் பதினொன்று. கதவுக்கு வேண்டியதோ எட்டு. அண்ணன் பையிலிருந்து விழுந்த மூன்றைத் தெமிர்போலாத் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அண்ணே, போன வருஷம் எங்க வீட்டுப் பிரிட்ஜ் கதவைக் கழட்டி மாட்டினீங்களே! அதுலேருந்து கயித்துல கட்டி வச்சிருக்கோம்!"

"ஆடுதுன்னா அன்னிக்கே சொல்றதில்லையா? வாயில்லையா உனக்கு?"

பசிக்கு முன்னால் வேலை பறந்தது. சவுரேஷ் கதவைப் பிடித்துக்கொண்டார், நாங்கள் மாட்டினோம். மூடி, கதவு இறுக்கமாகப் படிகிறதா என்று அவரே ஓரமெல்லாம் ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்த்தார்; ஒரு மூலையில் வழுக்கியது, மறுபடி கழற்றி மாட்ட வைத்தார். சாய்த்துத் தூக்கிய பெட்டி கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றால்தான் கரண்ட் கொடுக்கலாம். அந்த நேரத்தில் சாப்பிட்டோம். வெயில் இறங்குவதற்குள் குதிரை உள்ளே போய்விட்டது.

"பார்த்தீங்கல்ல," என்றார் அண்ணன், எலும்பை உறிஞ்சியபடி. "காசு குடுத்து ஆள் வச்சிருந்தா இவ்வளவு கச்சிதமா முடிச்சிருப்பானா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே எழுந்து போய், உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எதிலிருந்து வந்ததென்று தெரியாத ஸ்க்ரூ எத்தனை கிடக்கிறது? ஒன்றுமில்லையா, நீங்கள் நல்ல மனிதர். கிடக்கிறதா? அள்ளிக்கொண்டு மாடி மாடியாக ஏறி, யாருடையது என்று கேட்டுக் கொடுத்துவிட்டு, உடனே திரும்பி வந்துவிடுங்கள். "இருங்க, நானே மாட்டித் தரேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.